சேர்ந்து பறக்கவிடுகிறீர்கள், விழுந்தால் யார் பொறுப்பு?

ட்ரோன், ட்ரோன் எதிர்ப்புத் தொழில்நுட்பத்தில் கைகோக்கும் நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்களுக்கும், அவர்களுக்காக ஒப்பந்த வரைவுகளை எழுதும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

2022 மார்ச் 10 அன்று இரவு பதினோரு மணியளவில் குரோஷியாவின் தலைநகர் ஜாக்ரெபில், ஒரு மாணவர் விடுதிக்குப் பக்கத்தில் ஆளில்லா விமானம் ஒன்று வந்து விழுந்தது. கல்யாண வீட்டில் படம் பிடிக்கிற சின்ன ட்ரோன் இல்லை. டியூ-141 என்னும் சோவியத் காலத்து வேவு விமானம். நீளம் 14 மீட்டர், எடை டன் கணக்கில். உக்ரைன் பக்கமிருந்து கிளம்பி, ருமேனியாவைத் தொட்டு, ஹங்கேரியைக் குறுக்கே கடந்து குரோஷியாவுக்குள் வந்திருக்கிறது. மூன்றும் நேட்டோ நாடுகள். ஹங்கேரிக்கு மேல் மட்டும் சுமார் 40 நிமிடம் பறந்தது என்று குரோஷியப் பிரதமர் சொன்னார். வழியில் யாரும் தடுக்கவில்லை. நிறுத்தி வைத்திருந்த கார்கள் நொறுங்கியதோடு போயிற்று, உயிர்ச்சேதம் இல்லை. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எங்களுடையது இல்லை என்றது உக்ரைன். எங்களுடையதும் இல்லை என்றது ரஷ்யா. இன்றுவரை அந்த விமானத்துக்குச் சொந்தக்காரர் என்று யாரும் முன்வரவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் நிறையச் செய்திருக்கிறீர்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். 2024 பிப்ரவரியில் லாட்வியாவும் பிரிட்டனும் முன்நின்று உக்ரைனுக்காக ஒரு ட்ரோன் கூட்டணியைத் தொடங்கின. 2025 பிப்ரவரியில் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் நேட்டோவும் உக்ரைனும் சேர்ந்து நடத்தும் ஆய்வு, பயிற்சி மையம் திறக்கப்பட்டது. உக்ரைனில் வடிவமைத்த இடைமறிப்பு ட்ரோனைப் பிரிட்டனில் தயாரிக்கும் ஆக்டோபஸ் திட்டம் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. உக்ரைன் தொழிற்சாலைகளுக்கே நேராகப் பணம் கொடுத்து ஆயுதம் செய்ய வைக்கும் முறையை டென்மார்க் தொடங்கிவைத்தது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஆசியாவிலும் மேற்கு ஆசியாவிலும் இதே போக்குதான்.

நான் ரேடியோ அலைகளோடு வேலை பார்க்கும் பொறியாளன். ராணுவத்தில் இருந்தவன் அல்ல. இப்படியொரு கூட்டு அறிவிப்பு வரும்போதெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். கூட்டு ஆராய்ச்சி, கூட்டு உற்பத்தி, கூட்டுப் பயிற்சி, தகவல் பகிர்வு எல்லாம் இருக்கும். நான் தேடுவது ஒன்றைத்தான். நீங்கள் சேர்ந்து பறக்கவிட்ட ஒன்றோ, சேர்ந்து சுட்ட ஒன்றோ, சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் விழுந்தால் யார் முன்னால் வந்து பதில் சொல்வார்கள்? வெளியே வருகிற எந்த அறிவிப்பிலும் அதற்கு இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

ஒத்துழைப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்த விஷயத்தில் தனியாக நின்று சமாளிக்க எந்த நாட்டாலும் முடியாது என்பதற்குச் சாட்சி நிறைய இருக்கிறது. 2022 டிசம்பர் 26 அன்று வட கொரியாவின் ஐந்து சிறிய ட்ரோன்கள் தென் கொரியாவுக்குள் நுழைந்தன. ஒன்று சியோலின் வடபகுதி வரை வந்தது. தென் கொரியா போர் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் கிளப்பி, ஏறக்குறைய நூறு ரவுண்டு சுட்டும் ஒன்றைக்கூட வீழ்த்த முடியவில்லை. கிளம்பிய விமானங்களில் ஒன்று மேலெழும்போதே விழுந்ததுதான் மிச்சம். உலகத்திலேயே அதிகம் ஆயுதம் குவிந்துகிடக்கும் எல்லைகளில் அதுவும் ஒன்று.

2025 செப்டம்பர் 9 இரவு விடிவதற்குள் ரஷ்ய ட்ரோன்கள் சுமார் இருபது போலந்து வான்வெளிக்குள் வந்தன. அன்று உங்கள் ஒத்துழைப்பு வேலை செய்தது. போலந்தின் எஃப்-16, நெதர்லாந்தின் எஃப்-35 போர் விமானங்கள், இத்தாலியின் கண்காணிப்பு விமானம், ஜெர்மனியின் பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்பின் ரேடார் எல்லாம் ஒரே இரவில் ஒரே வானத்தில் கைகோத்து நின்றன. சில ட்ரோன்கள் வீழ்த்தப்பட்டன. ஆனால் கீழே விழுந்தவற்றைப் பொறுக்கிப் பார்த்தால், பல கெர்பெரா என்னும் ஏமாற்று ட்ரோன்கள். பிளைவுட்டும் நுரைப் பஞ்சும் வைத்துச் செய்தவை. அவற்றின் மேல் ஏவிய ஏவுகணை ஒவ்வொன்றின் விலையும் லட்சக்கணக்கான டாலர். ஈரான் வடிவமைத்த ஷாஹெத் ரகத் தாக்குதல் ட்ரோனுக்கே 20,000 முதல் 50,000 டாலர் என்றுதான் பொதுவாக மதிப்பிடுகிறார்கள், பேட்ரியாட் ஏவுகணை ஒன்றோ 40 லட்சம் டாலர் அளவில் வருகிறது. இந்தக் கணக்கில் எந்தப் பணக்கார நாட்டுக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே மலிவான இடைமறிப்பு ட்ரோன், லேசர், துப்பாக்கி, ரேடியோ அலைகளைக் குழப்பும் ஜாமர் என்று நீங்கள் சேர்ந்து தேடுவது நியாயம்தான்.

வேகமும் ஒரு காரணம். உக்ரைன் போர்முனையில் ஒரு அலைவரிசை ஜாமரில் சிக்கினால், சில வாரத்தில் ட்ரோன் வேறு அலைவரிசைக்குப் போய்விடுகிறது. ஜாமரும் பின்னாலேயே போகிறது. கடைசியில் ரேடியோவே வேண்டாம் என்று கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. எந்த ஜாமராலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. போர்முனைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள், வயலிலும் மரத்திலும் அந்த இழைகள் வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கின்றன. இந்த வேகத்தில் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அனுபவப்பட்டவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, இனி என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கோப்புகளில் இது பெரும்பாலும் ‘வான்வெளிக் கண்காணிப்பு’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோகிறது.

ட்ரோன் எதிர்ப்புப் பணியில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது ட்ரோனை அல்ல, ஒரு புள்ளியை. ரேடார் அலைக்குச் சிறிய ட்ரோன் திருப்பி அனுப்பும் எதிரொலியும் பெரிய பறவை ஒன்றின் எதிரொலியும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். சுழலும் விசிறி அந்த எதிரொலியில் ஒரு படபடப்பை உண்டாக்கும், பறவையின் சிறகடிப்பு அதைவிட மெதுவானது. அதை வைத்துப் பிரிக்கலாம், எல்லா நேரமும் முடியாது. ட்ரோன் அந்தரத்தில் நின்றுவிட்டால் இன்னும் சிக்கல். அசையாத கட்டடத்தையும் மரத்தையும் ஒதுக்கித் தள்ளும் வடிகட்டி, அதையும் சேர்த்துத் தள்ளிவிடக்கூடும். ரேடியோவை ஒட்டுக்கேட்கும் கருவி ட்ரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையிலான பேச்சைப் பிடிக்கும். இழையில் வருவதற்குப் பேச்சே கிடையாது. கேமரா இருக்கிறது, பனிமூட்டம் இருந்தால் அதுவும் இல்லை. மூன்று கிலோமீட்டர் தூரத்தில் புள்ளி தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் அவர் மூன்று கேள்விக்குப் பதில் தேட வேண்டும். இது என்ன? யாருடையது? சுட்டால் எங்கே விழும்?

முதல் கேள்விக்குக் கருவி உதவும். இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி உங்களில் யாரும் பொதுவெளியில் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது கேள்வி எப்படிச் சறுக்கும் என்பதற்கு 2024 பிப்ரவரிக் கடைசியில் செங்கடலில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கப்பல்களைக் காக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆஸ்பிடெஸ் நடவடிக்கைக்காக வந்திருந்த ஜெர்மன் போர்க்கப்பல் ஹெஸ்ஸன், அடையாளம் தெரியாத ட்ரோன் ஒன்றைக் கண்டது. கூட்டாளிகளிடம் கேட்டது. எங்களுடையது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு ஏவுகணைகளை ஏவியது. அது எதிரியின் ட்ரோன் அல்ல என்று ஜெர்மன் அமைச்சகம் பிறகு ஒப்புக்கொண்டது, அமெரிக்காவின் ரீப்பர் ட்ரோன் என்று செய்திகள் வந்தன. இரண்டு ஏவுகணையும் தொழில்நுட்பக் கோளாறால் இலக்கை அடையாமல் கடலில் விழுந்ததால் நட்பு நாட்டின் ட்ரோன் தப்பியது. கோளாறு வந்து காப்பாற்றிய ஒத்துழைப்பு! அதே கடலில் அமெரிக்கா தலைமையில் ஒரு நடவடிக்கை, ஐரோப்பா தலைமையில் ஒரு நடவடிக்கை, இரண்டிலும் சேராமல் பறக்கும் வேறு விமானங்கள் என்று எல்லாம் இருந்தன. எல்லாரும் நண்பர்கள்தான், ஆனால் எல்லார் புள்ளியும் எல்லார் திரையிலும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில், ஏமனின் ஹூத்திப் படையினர் ஏவிய ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் சமாளித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் கெட்டிஸ்பர்க், தன் நாட்டு எஃப்/ஏ-18 விமானத்தையே சுட்டு வீழ்த்தியது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். ஒரே கொடியின் கீழ் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், பத்துக் கொடி பறக்கும் இடத்தில் எப்படி இருக்கும்?

தொழில்நுட்ப அளவில் இதைத் தீர்க்க வழி இருக்கிறது, அதையும் நீங்களே காட்டியிருக்கிறீர்கள். நெதர்லாந்தின் ஃப்ரேடபேல் தளத்தில் நேட்டோ நடத்தும் ட்ரோன் எதிர்ப்புப் பயிற்சியில், வெவ்வேறு நாட்டு நிறுவனங்களின் ரேடார், கேமரா, ஜாமர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேச வைத்துப் பார்க்கிறார்கள். 2024-இல் உக்ரைனும் முதல் முறையாகக் கலந்துகொண்டது. அங்கே பொது மொழியாகப் பயன்படுவது, பிரிட்டன் பாதுகாப்பு ஆய்வகம் உருவாக்கிய சேப்பியன்ட் என்னும் தரம். அது ரகசியம் அல்ல, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு நாட்டு ரேடாரும் இன்னொரு நாட்டுக் கேமராவும் சில நாட்களில் பேசிக்கொள்ளும்போது, இரண்டு கடற்படைத் தலைமையகங்கள் ‘இன்று மாலை எங்கள் ட்ரோன் ஒன்று அந்தப் பக்கம் வரும்’ என்று சொல்லிக்கொள்வது மட்டும் ஏன் முடியவில்லை? தடை கருவியில் இல்லை. எந்த வேலையாகப் பறக்கிறோம் என்பதைக் கூட்டாளியிடம்கூட மறைக்கும் பழக்கத்தில் இருக்கிறது. வேலையை மறைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. இருப்பை மறைக்காதீர்கள் என்கிறேன்.

அலைகளைப் பற்றி ஒரு சொல். ஜாமருக்கு எல்லைக் கோடு தெரியாது. 2024 ஏப்ரல் கடைசியில் எஸ்டோனியாவின் டார்ட்டு விமான நிலையத்தில் இறங்க முடியாமல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவன விமானங்கள் திரும்பிப் போயின. ஜிபிஎஸ் குழப்பம்தான் காரணம். அந்த நிலையத்தில் தரையிறங்கும் முறை ஜிபிஎஸ்ஸையே நம்பியிருந்தது. ஒரு மாதம் சேவையே நிறுத்தப்பட்டது. எஸ்டோனியா ரஷ்யாவைக் குற்றம் சாட்டியது. நியாயமான கோபம். ஆனால் நீங்களும் இப்போது எல்லை நெடுக, விமான நிலையம் நெடுக, அணு உலை நெடுக ஜாமர்களை நிறுத்தப் போகிறீர்கள். உங்கள் ஜாமர் பக்கத்து நாட்டு ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் வழிகாட்டியைக் குழப்பினால், அந்த விமானிக்கு முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு இருக்கிறதா? எதிரி செய்யும்போது குற்றமாகத் தெரிவது, நாம் செய்யும்போது பக்கவிளைவாகிவிடக் கூடாது.

அஜர்பைஜான் ஏர்லைன்ஸ் 8243 விமானத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2024 டிசம்பர் 25 அன்று பாகுவிலிருந்து ரஷ்யாவின் குரோஸ்னிக்குப் போன பயணிகள் விமானம் அது. குரோஸ்னி வானில் அப்போது உக்ரைன் ட்ரோன்கள் இருந்தன, ரஷ்யாவின் வான் பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்தது. அடிபட்ட விமானம் காஸ்பியன் கடலைத் தாண்டி கஜகஸ்தானின் அக்டாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 38 பேர் இறந்தார்கள். ரஷ்ய ஏவுகணைகள் விமானத்துக்கு அருகில் வெடித்தன என்று புதின் ஒப்புக்கொள்ள 2025 அக்டோபர் வரை ஆயிற்று. ட்ரோன் வருகிறது என்று தெரிந்த நிமிடத்திலேயே அந்த வானத்தைப் பயணிகள் விமானத்துக்கு மூடியிருக்க வேண்டும். ட்ரோன் எதிர்ப்பில் முதல் வேலை சுடுவது அல்ல, மற்றவர்களை விலக்குவது.

இனி மூன்றாவது கேள்வி. மேலே போனது கீழே வந்துதானே ஆக வேண்டும்.

நான் முன்னால் சொன்ன அந்த செப்டம்பர் இரவில், போலந்தின் விரிகி என்னும் கிராமத்தில் ஒரு வீட்டின் கூரை பிய்ந்து போனது. முதலில் எல்லாரும் ரஷ்ய ட்ரோன் விழுந்தது என்றே நினைத்தார்கள். ஒரு வாரத்துக்குள், அது போலந்தின் எஃப்-16 ஏவி, கோளாறாகிப் போன ஏவுகணை என்று ஒரு போலந்து நாளிதழ் எழுதியது. அமைச்சர் ஒருவரும் எல்லாம் அப்படித்தான் காட்டுகிறது என்றார். பொறுப்பு முழுவதும் ட்ரோனை அனுப்பியவர்களுடையது என்றார் பிரதமர். தர்மப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கூரையில்லாத வீட்டில் நிற்பவருக்கு அந்தப் பதில் போதுமா? போலந்து அரசு வீட்டைச் சரிசெய்து தருவதாகச் சொன்னது, ஏனென்றால் ஏவுகணையும் அவர்களுடையது, வீடும் அவர்களுடையது. அன்று அதே வானில் பறந்த நெதர்லாந்து விமானத்தின் ஏவுகணை அது என்றால்? இலக்கைக் காட்டியது இத்தாலிய விமானம் என்றால்? அதே ஏவுகணை எல்லை தாண்டி மூன்றாம் நாட்டில் விழுந்திருந்தால்?

இது வெறும் கற்பனை இல்லை. 2022 நவம்பர் 15 அன்று உக்ரைனின் வான் பாதுகாப்பு ஏவுகணை போலந்தின் ப்ஷெவோடுவ் கிராமத்தில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். எங்களுடையது இல்லை என்று உக்ரைன் அதிபர் முதலில் சொன்னார். போலந்து விசாரணை உக்ரைன் ஏவுகணைதான் என்ற முடிவுக்கு வந்தது. நண்பர்களுக்குள் நடந்ததால் எல்லாரும் நாசூக்காகக் கடந்து போனார்கள். நாசூக்கு ராஜதந்திரத்துக்கு நல்லது, செத்தவர் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை.

சட்டத்தைத் தேடிப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. விமானி இல்லாத விமானம் அனுமதியின்றி இன்னொரு நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்று 1944-இன் சிகாகோ உடன்படிக்கையிலேயே எட்டாவது பிரிவு இருக்கிறது. எண்பது ஆண்டுக்கு முந்தைய முன்யோசனை! ஆனால் அதே உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, ராணுவ விமானமும் அனுமதியின்றி வரக் கூடாது என்று சொல்வதோடு சரி, மற்றபடி உடன்படிக்கை ராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கிவிடுகிறது. பிற நாட்டு விமானம் தரையில் இருப்பவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்காக 1952-இல் ரோமில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதிலும் ராணுவ விமானத்துக்கு விலக்கு. ஆக, பயணிகள் விமானத்தின் சக்கரம் கழன்று வீட்டில் விழுந்தால் கேட்க வழியுண்டு, இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த ராணுவ ட்ரோன் விழுந்தால் அவர்களாக மனம் வைத்தால்தான்.

விண்வெளிக்கு மட்டும் இதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 1972-இன் விண்வெளிப் பொறுப்பு உடன்படிக்கையின்படி, ஏவிய பொருள் பூமியில் விழுந்து சேதம் செய்தால், ஏவிய நாட்டின் மேல் தவறு இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை, இழப்பீடு தர வேண்டும். அதன் ஐந்தாவது பிரிவை உங்கள் வரைவு எழுத்தர்கள் தயவுசெய்து எடுத்துப் படிக்கட்டும். இரண்டு நாடுகளோ அதற்கு மேலோ சேர்ந்து ஏவினால், எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம், உங்களுக்குள் யார் எவ்வளவு என்பதை நீங்கள் அப்புறம் பேசிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 என்ற அணு உலை வைத்த செயற்கைக்கோள் கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. பனிப்போரின் நடுவிலும், 1981-இல் சோவியத் ஒன்றியம் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்துத் தீர்த்தது. பகைவர்களுக்குள் முடிந்தது, நண்பர்களாகிய உங்களுக்குள் ஏன் முடியாது?

இதைத்தான் கேட்கிறேன். அந்த ஐந்தாவது பிரிவை உங்கள் ட்ரோன் ஒப்பந்தங்களுக்குள் கொண்டுவாருங்கள். போர்முனையில் ராணுவ இலக்கின் மேல் நடக்கும் தாக்குதலுக்குப் போர்ச் சட்டம் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். போரில் இல்லாத நாட்டில், போரில் இல்லாதவர் மேல், வழி தவறியோ கோளாறாகியோ இடைமறிக்கும்போது சிதறியோ விழுவதற்கு மட்டும் பேசுகிறேன். கூட்டாகச் செய்தோம் என்று மேடையில் பெருமைப்படுவீர்கள் அல்லவா? விழும்போதும் கூட்டாகவே இருங்கள்.

தாக்குதல் ட்ரோன் விஷயத்தில் இது இன்னும் கனமான கேள்வி. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ட்ரோன் தாக்கியதில் பத்துப் பொதுமக்கள் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். முதலில் சரியான தாக்குதல் என்றார்கள், மூன்று வாரத்துக்குள் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். அது ஒரே நாடு செய்தது, கேட்பதற்கு ஒரு முகவரியாவது இருந்தது. 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவின் டெடெபிட்டில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் மேல் ட்ரோன் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழுந்த குண்டின் எச்சங்கள் துருக்கியில் தயாரானதைக் காட்டுகின்றன என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் எழுதியது. விற்றவருக்கு இதில் என்ன பங்கு? விற்ற பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பதாக 2016 அக்டோபரில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. கட்டுப்படுத்தாத அறிக்கை. அதன் பின் எழுதுவதாகச் சொன்ன விரிவான விதிகள் எழுதப்படவே இல்லை. இதற்கிடையில் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை 2020-இல் அமெரிக்கா தளர்த்திப் பொருள்கொண்டது, மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமுள்ள பெரிய ட்ரோன்களை விற்பது சுலபமாயிற்று. கதவு அகலமாகத் திறந்தது, காவலுக்கு ஆள் போடவில்லை.

தளம் கொடுத்தவரின் பங்கு பற்றி ஒரு நீதிமன்றம் வாய் திறந்திருக்கிறது. ஏமனில் நடந்த அமெரிக்க ட்ரோன் தாக்குதல்களுக்கு ஜெர்மனியின் ராம்ஷ்டைன் தளம் வழியாகச் சமிக்ஞைகள் போகின்றன என்ற வழக்கில், 2025 ஜூலை 15 அன்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறவினர்களை இழந்த ஏமனியர்களின் மனு தள்ளுபடியானது. ஆனாலும், வெளிநாட்டில் இருப்பவரின் உயிரைக் காக்கும் கடமை சில சூழ்நிலைகளில் ஜெர்மனிக்கு உண்டாகலாம் என்பதை நீதிமன்றம் கொள்கையளவில் ஏற்றது. போதிய தொடர்பு இருக்க வேண்டும், விதிமீறல் திட்டமிட்டதுபோல் தொடர வேண்டும் என்று வாசலை உயரமாகத்தான் வைத்திருக்கிறது. இருந்தாலும் வாசல் இருக்கிறது. உங்கள் சட்ட ஆலோசகர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நாளை இன்னொரு நாட்டு நீதிமன்றம் அதைத் தாழ்த்தினால், நீங்கள் தயாராக இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிமேல் நீங்கள் பகிரப்போவதில் விலை கூடியது அதுதான். உக்ரைனின் ஓச்சி என்னும் அமைப்பு 2022 முதல் 20 லட்சம் மணி நேரப் போர்முனை ட்ரோன் காட்சிகளைச் சேர்த்திருக்கிறது என்று 2024-இல் செய்தி வந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு இலக்கைக் கற்பிக்க அதைவிடப் பெரிய பாடம் எங்கும் கிடையாது. அங்கே கற்ற மென்பொருளை வேறொரு கண்டத்தில், வேறு மண்ணில், வேறு உடை உடுத்தும் மக்கள் நடுவில் பறக்கவிடும்போது என்ன ஆகும்? அகழியில் பதுங்கிய சிப்பாய்க்கும் வாய்க்காலில் மடை திருப்பக் குனிந்தவருக்கும் மேலிருந்து பார்த்தால் எவ்வளவு வித்தியாசம்? கற்றுக்கொடுத்த நாடு ஒன்று, மென்பொருள் எழுதிய நாடு ஒன்று, ட்ரோனைச் செய்த நாடு ஒன்று, பறக்கவிட்ட நாடு ஒன்று. பிழை நடந்தால் நான்கு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். 2025 ஜனவரியில் உக்ரைனில் பொதுமக்கள் உயிரிழப்பிலும் காயத்திலும் குறுந்தூர ட்ரோன்களே மற்ற எல்லா ஆயுதங்களையும் முந்தின என்று ஐ.நா. கண்காணிப்புக் குழு சொன்னது. இறந்தவர்களில் 27 சதவீதம். அவற்றில் பலவற்றில் கேமரா வழியாக ஒரு மனிதர் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பார்ப்பவரும் இல்லாமல் போகும் காலத்துக்காகவும் சேர்த்துத்தான் உங்கள் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. 2024 டிசம்பரில் தன்னியக்க ஆயுதங்கள் பற்றிய தீர்மானத்துக்கு ஐ.நா. பொதுச் சபையில் 166 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. உங்களில் பலர் அந்த 166-இல் இருக்கிறீர்கள். அங்கே கை தூக்கிவிட்டு இங்கே அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்ன நியாயம்?

உங்கள் பதிலை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பொறுப்பு, இழப்பீடு என்று பேசத் தொடங்கினால் ஒப்பந்தம் இழுபடும், எதிரி காத்திருக்கமாட்டான் என்பீர்கள். அவசரம் உண்மைதான். ஆனால் ஒத்துழைப்பை உண்மையில் மெதுவாக்குவது எது என்று யோசியுங்கள். ஒரு கூட்டாளியின் ட்ரோன் இன்னொரு கூட்டாளியின் ஊரில் விழுந்து நாலு பேர் செத்தால், மறுநாளே அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் ஒப்பந்தத்தைக் கிழித்தெறியச் சொல்வார்கள். முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பிரிவு இருந்தால் அமைச்சர் எழுந்து, விசாரணை இன்னார் நடத்துவார், இழப்பீடு இத்தனை நாளில் வரும் என்று சொல்லிவிட்டு உட்காரலாம். ரகசியம் வெளிவரும் என்பது இன்னொரு வாதம். விழுந்த ட்ரோனின் ரகசியம் விழுந்த இடத்திலேயே போய்விட்டது. ஷாஹெத்தின் உடைந்த பாகங்களில் மேற்கத்திய நிறுவனங்களின் மின்னணுச் சில்லுகள் இருப்பதை உலகமே படம் பிடித்துப் போட்டாயிற்று.

ஆகவே நடைமுறையாக ஒன்று கேட்கிறேன். அடுத்து நீங்கள் கையெழுத்திடப்போகும் ட்ரோன் ஒப்பந்தம் எதுவானாலும், அது வரைவாக இருக்கும்போதே ஒரு இணைப்பைச் சேருங்கள். நம் ட்ரோன் எங்கே பறக்கிறது என்பதைக் கூட்டாளிகளுக்குச் சொல்ல யார் கடமைப்பட்டவர், ஜாமர் இயங்கும்போது பொது விமானப் போக்குவரத்துக்கு யார் தகவல் தருவார், விழுந்தால் விசாரணையை யார் நடத்துவார், முடிவை எத்தனை நாளில் வெளியிடுவார், முழு இழப்பீட்டை முதலில் யார் கொடுப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதவியின் பெயர், அலுவலகத்தின் முகவரி, தொலைபேசி எண் வரைக்கும் எழுதுங்கள். மற்ற பிரிவுகளை ரகசியமாக வைத்துக்கொண்டாலும் இந்த ஒரு இணைப்பைப் பொதுவில் வெளியிடுங்கள். இப்படி ஒரு பக்கம் ஏற்கெனவே ஏதாவது ஒப்பந்தத்தில் இருந்தால், எந்த ஒப்பந்தம், எத்தனையாவது பிரிவு என்று சொல்லுங்கள். நானும் படிக்கிறேன், மற்றவர்களையும் படிக்கச் சொல்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

ரேடியோ பொறியாளர் ஒருவர்